கையில் கட்டிவிட்ட நேரம்

ஆறு இருபத்தைந்து. என் கணக்குப்படி இந்த நிமிஷம் சக்கரம் தரையைத் தொட்டிருக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் நாலு பத்துக்குப் புறப்பாடு, தோஹாவில் ஆறு இருபத்தைந்துக்கு இறக்கம், நடுவில் மூவாயிரத்து இருநூற்று எழுபது கிலோமீட்டர், இரண்டே கால் மணி நேரம். சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் ஐந்தின் மேல் வந்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன், ரயில் கடக்கும்போது கொடியைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்பேனே, அது மாதிரி. அங்கே என் மனைவி உலகம்மாள் இடுப்புப் பட்டையை அவிழ்க்கத் தெரியாமல் பக்கத்தில் இருப்பவர் எப்படி அவிழ்க்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பாள். அறுபத்தொரு வயதில் முதல் விமானம், அதுவும் தனியாக. தோஹாவில் இறங்கி, வேறு விமானம் மாறி, ஹூஸ்டன் போக வேண்டும். அங்கே எங்கள் ஒரே மகள் கோமதிக்கு எட்டு மாதம் முடிந்து பத்து நாள் ஆகிறது. பிரசவம் பார்க்கத்தான் இந்தப் பயணம். நானும் போயிருக்கலாம். ‘நீங்க அங்க வந்து என்ன செய்யப்போறீக, கதவு எத்தனை தடவ தெறந்து மூடுதுன்னு எண்ணிக்கிட்டு இருப்பீக’ என்று உலகம்மாள் சொன்னாள். சரிதான், எண்ணுவேன். நேற்று இரவு அவளை விமான நிலைய வாசலில் விட்டுவிட்டு, வாடகைக் காரில் தென்காசி திரும்பி, வீட்டுப் பூட்டைத் திறந்தபோது மணி நாலு பத்து. அவள் மேலே ஏறிய நிமிஷத்தில் நான் வாசற்படி ஏறினேன். இரண்டும் ஒரே நிமிஷம் என்பது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. ஏதோ ஒரே ரிஜிஸ்தரில் ஒரே வரியில் இரண்டு பேரையும் எழுதிவைத்தது போல. இறங்கியதும் யாரிடமாவது போனை வாங்கி ஒரு மிஸ்டு கால் கொடு என்று சொல்லியிருக்கிறேன். அவளிடம் இருக்கும் பட்டன் போன் அங்கே வேலை செய்யாது. பத்து நிமிஷம் கொடுப்போம். வரிசையில் நின்று இறங்க வேண்டும், கூச்சத்தை விட்டு ஒரு முகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கேட்க வேண்டும். பதினைந்து நிமிஷம் என்றே வைத்துக்கொள்வோம்.

எட்டாவது வரைதான் படித்தேன், ஆனால் தூரத்தை வேகத்தால் வகுக்க யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பத்தொரு வருஷம் தென்காசி லைனில் ரயில்வே கேட் காவல். ஸ்டேஷன் மாஸ்டர் போனில் வண்டி கிளம்புகிறது என்பார். நான் கேட்டை மூடிவிட்டு, எனக்குக் கொடுத்திருக்கும் ரகசிய எண் பட்டியலில் அடுத்த எண்ணைச் சொல்வேன். அவர் அதைத் திருப்பிச் சொல்வார். நான் ஆமாம் என்பேன். இருவரும் எழுதிக்கொள்வோம். எண் இல்லாத வாக்குக்கு மதிப்பில்லை. ஸ்டேஷனுக்கும் என் கேட்டுக்கும் ஐந்தரைக் கிலோமீட்டர், ஏழு நிமிஷம். அந்த ஏழு நிமிஷத்தில் உலகம் முழுவதும் என் கைப்பிடியில் இருக்கும். ஸ்கூட்டர்காரர்கள் திட்டுவார்கள், வைக்கோல் லாரி ஹாரன் அடிக்கும், நான் காதில் வாங்காமல் தண்டவாளத்தின் வளைவையே பார்த்துக்கொண்டிருப்பேன். வருகிறது என்றால் வரும். அந்தப் பழக்கத்தில்தான் இந்தப் பயணத்தையும் எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை அனுப்பிய டிக்கெட்டை அச்செடுத்து வந்து இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். முதல் விமானம் மணிக்கு ஆயிரத்து நானூற்று ஐம்பத்து மூன்று கிலோமீட்டர் வேகம். இரண்டாவது, தோஹாவில் எட்டே காலுக்குக் கிளம்பி ஹூஸ்டனில் பிற்பகல் மூன்று முப்பத்தைந்துக்கு இறங்குகிறது, தூரம் ஏறத்தாழ பதிமூவாயிரம், ஏழு மணி இருபது நிமிஷம், மணிக்கு ஆயிரத்து எழுநூற்று எழுபத்திரண்டு. பெரிய விமானம், நடுவில் எங்கும் நிற்பதில்லை, வேகம் பிடிக்க இடம் இருக்கிறது என்று நினைத்தேன். மே மாதம் திரும்பி வரும் டிக்கெட்டில் அதே ஹூஸ்டன் தோஹா இருபத்திரண்டரை மணி நேரம் காட்டியது. அங்கே ஒரு நிமிஷம் பென்சில் நின்றது. பிறகு, செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு இறங்குகிற வண்டியும் புனலூரிலிருந்து மலை ஏறுகிற வண்டியும் ஒரே நேரமா எடுக்கின்றன, ஏறும்போது பின்னால் இன்னொரு எஞ்சின் வைத்துத் தள்ள வேண்டியிருக்கிறதே, காற்றிலும் ஏதோ ஏற்ற இறக்கம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினேன். அந்த ஒரு நிமிஷம் இப்போது ஏன் ஞாபகத்துக்கு வருகிறது. பென்சில் நின்ற இடம் ஏன் கண்ணில் தெரிகிறது.

ஆறு நாற்பத்தைந்து. மிஸ்டு கால் இல்லை. வீட்டில் அவள் இல்லாத சத்தம் ஒன்று இருக்கிறது, அது வெறும் நிசப்தம் இல்லை. அடுக்களைப் பக்கம் காதைத் திருப்பினால் எதுவும் உருளவில்லை, எதுவும் வடியவில்லை. மருந்துப் பொடிக்கு வறுத்த சுக்கும் திப்பிலியும் இன்னும் மணக்கின்றன, நாலு நாளாக வீடே பிள்ளை பெற்ற வீடு மாதிரி மணக்கிறது. குற்றாலத்துக் காற்று ஜன்னல் திரையை உள்ளே தள்ளி, மெல்ல வெளியே இழுத்துக்கொள்கிறது. மார்கழி வெயில் தரையில் இன்னும் விழவில்லை, வெளுப்பு மட்டும். கண்ணை மூடினால் அவள் நடக்கிறாள். பளபளவென்று கண்ணாடித் தரை. அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளவில்லை என்று நம்புகிறேன். தோளில் மருந்துப் பொடிப் பை, கையில் என் தாள். அந்தத் தாளில் பதினோரு வரி. எல்லாம் பெரிய எழுத்தில் நானே எழுதியது. அவளுக்குத் தமிழ் வாசிக்க வரும், இங்கிலீஷ் வராது. ஒவ்வொரு வரியும் மணியோடு தொடங்கும். ஆறு இருபத்தைந்து, இறங்கு. ஏழு மணி, இட்லி சாப்பிட்டு மாத்திரை போடு. ஏழரை, இரண்டாவது விமானம் ஏறும் இடத்தில் போய் உட்கார். வாட்ச்சைத் திருப்பாதே, யார் சொன்னாலும் திருப்பாதே, இந்தத் தாளும் உன் வாட்ச்சும் ஒன்று. அவள் கையில் அந்த வாட்ச்சைக் கட்டிவிட்டதும் நான்தான். ரேடியோவில் நேரம் சொல்லும்போது விநாடி முள்ளைச் சரிபார்த்துக் கட்டினேன். ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொல்ல வைத்தேன். ‘நானென்ன ஸ்டேஷன் மாஸ்டரா’ என்று கேட்டுக்கொண்டே சொன்னாள். ஆறாவது வரிக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டேன். எட்டே கால் ஆனால் விமானம் போய்விடும், ஒரு நிமிஷம்கூட நிற்காது.

ஏழு ஐந்துக்குப் பாத்திமா வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண், செய்யது பாத்திமா, அவள் வீட்டுக்காரர் எட்டு வருஷமாகக் கத்தாரில் மெக்கானிக். எனக்கு டீயை மேசையில் வைத்துவிட்டு, ‘அண்ணாச்சி, அக்கா ஏறுனதும் தூங்கிட்டாகளோ என்னமோ, எங்க வீட்டுக்காரரு மொத தடவ போனப்ப தூங்கவே இல்லையாம், றெக்கையவே பாத்துக்கிட்டு இருந்தாராம்’ என்றாள். நான், அவள் இறங்கியே நாற்பது நிமிஷம் ஆச்சும்மா, போனைத்தான் காணோம் என்றேன். பாத்திமா சிரித்தாள். ‘எங்க அண்ணாச்சி எறங்குனாக, அங்க இப்ப நாலரதானே ஆகுது. இப்பத்தான் அவுககிட்ட பேசிட்டு வாரேன், பாங்கு சொல்ல இன்னும் கால் மணி இருக்கு, அதுக்குள்ள குளிச்சிட்டு வாரேன்னாக. அக்கா இன்னும் கடலுக்கு மேலதான் இருப்பாக’ என்று சொல்லி, சொன்னது ஒன்றுமே இல்லாதது மாதிரி, டம்ளரை மூடியிருந்த தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டீ ஆவி விட்டது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலரை. இங்கே ஏழு ஐந்து, அங்கே நாலரை. கோமதி இருக்கிற ஊரில் நமக்குப் பகல் என்றால் இரவு என்பது எனக்குத் தெரியாதா. ஏழு வருஷமாக அவளோடு பேசுகிறேன், சாயங்காலம் பேசினால் அவள் பல் தேய்த்துக்கொண்டிருப்பாள். அது ஊருக்கு ஊர் சூரியன் வேறு. ஆனால் டிக்கெட் ஒன்றுதானே. அசாமில் நாலரைக்கே விடிந்துவிடும் என்று ஒரு பட்டாளத்துக்காரர் கேட்டில் நின்று சொன்னார், அங்கேயும் ரயில்வே கடிகாரம் நம் கடிகாரம்தான், தென்காசியில் ஏறியவன் திப்ருகர் போய் இறங்குகிற வரைக்கும் டிக்கெட்டில் ஒரே நேரம்தான் ஓடும். கிளம்பிய ஸ்டேஷனின் நேரம்தான் கடைசி வரைக்கும் கூட வரும். வேறு எப்படி எழுதுவார்கள். அந்தந்த ஊருக்கு அந்தந்த நேரத்தைப் போட்டுவிட்டால் பயணம் எவ்வளவு நேரம் என்று எவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. ஆயிரத்து நானூற்று ஐம்பத்து மூன்று கிலோமீட்டர். எந்த விமானம் அப்படிப் போகும்.

மறுபடி போட்டேன். பென்சில் தேவைப்படவில்லை, தலைக்குள்ளேயே விழுந்தது, ஓட்டிலிருந்து சொட்டுவது மாதிரி ஒவ்வொன்றாக. ஏழு ஐந்தில் நாலு முப்பத்தைந்து போனால் இரண்டரை மணி. தோஹாவில் ஆறு இருபத்தைந்து என்றால் நமக்கு எட்டு ஐம்பத்தைந்து. மூவாயிரத்து இருநூற்று எழுபதை நாலே முக்காலால் வகுத்தால் அறுநூற்று எண்பத்தெட்டு. அதுதான் விமானம் போகிற வேகம் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். இரண்டாவது விமானம் எட்டே காலுக்கு இல்லை, அவள் வாட்ச்சில் பத்தே முக்காலுக்கு. ஆனால் உலகம்மாள் இறங்கி வாட்ச்சைப் பார்ப்பாள், எட்டு ஐம்பத்தைந்து. தாளைப் பார்ப்பாள். எட்டே கால் ஆனால் விமானம் போய்விடும், ஒரு நிமிஷம்கூட நிற்காது. சிவப்புக் கோடு. போய் நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது. அவள் அப்படியே உட்கார்ந்துவிடுவாள். எனக்கு அவளைத் தெரியும், ஓடமாட்டாள், அழமாட்டாள், ஓரமாக ஒரு இடம் பார்த்து, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். போனது போனதுதான் என்று. வருகிறவர்கள் போகிறவர்கள் காலைப் பார்த்துக்கொண்டு, பத்தே முக்கால் வரைக்கும். விமானம் அவளுக்காகக் காத்திருந்து, பெயரை ஒலிபெருக்கியில் யாரோ தப்புத் தப்பாகக் கூப்பிட்டு, அது அவள் பெயர் என்று அவளுக்கே தெரியாமல், கதவை மூடிக்கொண்டு போய்விடும். முதல் தடவை அது போகவில்லை, என் தாளில்தான் போயிற்று. அதை நம்பி அவள், அது நிஜமாகப் போகும்போதும் விட்டுவிடுவாள். பாஷை தெரியாத ஊரில் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு. கோமதிக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, படுக்கச் சொல்லியிருக்கிறார்கள், அம்மா வந்து சேரவில்லை என்றால் அந்த வயிறு என்ன ஆகும்.

சக்கர நாற்காலி. அதை நினைக்க வேண்டாம் என்று எவ்வளவு தள்ளினாலும் அது உருண்டு வந்து நிற்கிறது. கோமதி சொன்னாள், ‘அப்பா, இங்க எல்லாரும் அம்மா அப்பாவுக்கு வீல்சேர் போட்டுருவாங்க, ஒரு ஆள் வந்து ஒரு பிளேன்லருந்து இன்னொரு பிளேனுக்கு அவரே தள்ளிக் கொண்டுபோய் விட்டுருவாரு, போட்டுட்டேன்’ என்று. நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. நடக்க முடிந்தவளை நடக்க முடியாதவள் என்று எழுதிக் கொடுப்பது பொய்யில்லையா. பொய் எழுதிய பக்கத்துக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டதே கிடையாது. எடுத்துவிடு என்றேன். எடுத்துவிட்டாள். உலகம்மாள் அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை, ‘உக்காந்து போனா எனக்கென்ன வலிக்கவா போகுது’ என்று கீரையிடம் சொன்னாள். அது எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்தேன். இப்போது அந்த வாக்கியம் கீரைக் காம்பு ஒடிகிற சத்தத்தோடு திரும்பத் திரும்பக் கேட்கிறது.

பாத்திமாவைக் கூப்பிட வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாள், குரல் கொடுத்தால் போதும். கொடுக்க வரவில்லை. என்னவென்று சொல்வது. தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன் என்று ஒரு வாக்கியம், மூன்று சொல். ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தி, முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தப்புக்கூட இல்லை என்று மைக்கில் சொன்னார்கள். நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது வரிசையில் உலகம்மாள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். கோமதிக்கு மூன்று வயது, மூன்று நாள் காய்ச்சல், எனக்குத் தூக்கம் இல்லை. பாசஞ்சருக்குப் பின்னாலேயே ஒரு தனி எஞ்சின் வருகிறது என்று போனில் சொன்னார்கள், நானும் ரிஜிஸ்தரில் எழுதினேன், என் கையெழுத்துத்தான். பாசஞ்சர் போனதும் எழுதியது மறந்துபோயிற்று. கேட்டைத் தூக்கக் கைப்பிடியில் கை வைத்துவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு வேன், உள்ளே கல்யாணத்துக்குப் போகிற பெண்கள், தலை நிறையப் பூ. குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்து உலகம்மாள், கை ஈரத்தோடு, ‘தூக்காதீக, இன்னொண்ணு வருது, தட்டுல தண்ணி ஆடுது’ என்றாள். கத்தவில்லை, சும்மா சொன்னாள். எஞ்சின் போயிற்று, காற்று முகத்தில் அடித்தது, வேனுக்குள் ஒரு சின்னப் பெண் கையாட்டியது. எழுதியது நான், தெரிந்துகொண்டது அவள். அதை யாரிடமும் நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. தட்டில் தண்ணீர் ஆடுவதைப் பார்த்து உலகத்தைக் கணிக்கிறவளுக்கு நான் பதினோரு வரி எழுதிக் கொடுத்து, யார் சொன்னாலும் கேட்காதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். கடிகாரம் ஏழு இருபத்தேழு. இருபத்திரண்டு நிமிஷம் வெட்கப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறேன். டீ ஆடை கட்டிவிட்டது.

சொன்னேன். பாத்திமா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் இருந்தாள், அது பெரிய உபகாரம். ‘எங்க வீட்டுக்காரரைப் போகச் சொல்லலாம் அண்ணாச்சி, ஆனா அந்த உள் பக்கத்துக்கு டிக்கெட் இல்லாம யாரையும் விடமாட்டாக’ என்றாள். அவளே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தாள். கோமதி பக்கத்தில் இருக்கிறாளா என்று முதலில் கேட்டேன், படுத்திருக்கிறாள் என்றார். சொன்னேன். ‘நான் ஏர்லைன்ஸுக்கு அடிச்சுப் பாக்குறேன் மாமா, நீங்க பதறாதீங்க. வீல்சேர் மட்டும்…’ என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். நல்ல பிள்ளை. அந்த நிறுத்தம்தான் தாங்க முடியவில்லை, சொல்லி முடித்திருக்கலாம். அரை மணி கழித்து அவரே கூப்பிட்டு, பாட்டுத்தான் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஆள் எடுக்கவில்லை, விடாமல் பார்க்கிறேன் என்றார். கோமதிக்குத் தெரியாமல் மொட்டை மாடிக்கு வந்து பேசுவதாகச் சொன்னார்.

பிறகு செய்ய ஒன்றும் இல்லை. ஏழு நிமிஷத்துக்குப் பழகியவன் நான், இத்தனை நேரத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. வெயில் தரைக்கு வந்து நாற்காலிக் காலைத் தொட்டது. இரவு முழுக்கத் தூங்காத கண்ணில் அது மஞ்சளாகக் கரைந்து பரவியது. விமானம் போவதாகத் தெரியவில்லை, எங்கோ நின்றுகொண்டிருக்கிறது, கடல்தான் அதற்குக் கீழே மெல்லப் பின்னால் நகர்கிறது. கிலோமீட்டர் கல் இல்லை, வளைவு இல்லை, குறுக்கே போகிற சாலை இல்லை. மூவாயிரத்து இருநூற்று எழுபது என்று சொன்னேனே, அதில் ஒரு கிலோமீட்டரையாவது நான் பார்த்திருக்கிறேனா. தென்காசிக்கும் தோஹாவுக்கும் நடுவில் எங்கோ ஒரு இடத்தில் என் நேரம் முடிந்து அந்த ஊர் நேரம் தொடங்க வேண்டும். அங்கே ஒருவன் இருப்பான் என்று தோன்றியது. மேகத்துக்கு நடுவில் சின்ன அறை, ஒரு போன், ஒரு பெஞ்சு. விமானம் வரும்போது வெளியே வந்து பச்சைக் கொடி காட்டி, உள்ளே இருக்கிறவர்களின் கையிலிருந்து இரண்டரை மணி நேரத்தை வாங்கி வைத்துக்கொள்வான். உலகம்மாள் கொடுக்க மாட்டேன் என்கிறாள். ‘எங்க வீட்டுக்காரரு திருப்பக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு’ என்று கையைப் பின்னால் மறைத்துக்கொள்கிறாள். கொடுத்துவிடு, உலகு, கொடுத்துவிடு என்று நான் கத்துகிறேன், பஞ்சுக்குள் கத்துவது மாதிரி, எனக்கே கேட்கவில்லை. அவன் அவளை நிறுத்திவைத்துவிட்டு மற்றவர்களை விடுகிறான். எல்லாரும் போய்விட்டார்கள். அவள் மட்டும் மேகத்தின் மேல், பையை மடியில் வைத்துக்கொண்டு. தலை சாய்ந்து விழித்தபோது எட்டு ஐம்பத்தெட்டு. இறங்கியிருப்பாள். இந்த நிமிஷம் வாட்ச்சைப் பார்க்கிறாள். இந்த நிமிஷம் தாளைப் பிரிக்கிறாள். இப்போதும் இருவருடைய கடிகாரமும் ஒரே மணி காட்டுகிறது, அவள் கையிலும் என் சுவரிலும், அதுதான் அவளைக் கெடுக்கப்போகிறது. ஒன்பது பத்து. ஒன்பது இருபது. மாப்பிள்ளை கூப்பிட்டார், இன்னும் பாட்டுத்தான் என்றார். பாத்திமா வாசல் நிலையில் சாய்ந்து நின்று, உதடு அசைய ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். நான் என் எண்களையெல்லாம் விட்டுவிட்டு அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது முப்பத்திரண்டுக்குப் போன் அடித்தது. நீளமான எண். எடுத்தேன்.

“என்னங்க, நாந்தான்.”

அடுக்களையிலிருந்து பேசுவது மாதிரி இருந்தது.

“எங்க இருக்கே?”

“எங்க இருப்பேன், ஏறுத எடத்துலதான். இட்லி சாப்பிட்டாச்சு, மாத்திரையும் போட்டாச்சு. பக்கத்துல ஒரு மலையாளத்துப் பிள்ள, நர்ஸாம், ஹூஸ்டன்தான் போகுது, அவ போனு.”

“ஏறுத எடத்துலயா? இன்னும் போகலையா?”

“எங்க போச்சு. பிளேனு லேட்டு. உங்க ரயிலு மாதிரிதான் இதுவும், எழுதுன நேரத்துக்கு எதுவும் கெளம்புறதில்ல. அதான் தப்பிச்சேன். இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமாம்.”

லேட். அப்படி ஒரு கதவு திறந்து கிடந்தது. நான் ஒன்றும் செய்ய வேண்டாம், ஊம் என்று சொன்னால் போதும், அந்தக் கதவு வழியாக நான் பாட்டுக்கு வெளியே போய்விடலாம். தாள் சரி, கணக்கு சரி, விமானம்தான் தாமதம். அவள் அப்படியே நம்பிக்கொண்டு ஹூஸ்டன் போவாள், கோமதியிடமும் அப்படியே சொல்வாள், மே மாதம் திரும்பி வரும்வரை யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். மாப்பிள்ளை வாயைத் திறக்கமாட்டார். பாத்திமாவும்தான். அவள் எதிரில் நின்றுகொண்டிருந்தாள், நான் எதைப் பேசப்போகிறேன் என்று பார்க்கக்கூடாது என்பது போல முகத்தை வாசல் பக்கம் திருப்பியிருந்தாள். போனுக்குள் தூரத்தில் யாரோ அறிவிப்புச் செய்தார்கள், சக்கரப் பெட்டிகள் உருண்டன, ஒரு குழந்தை சிணுங்கியது. அத்தனை சத்தத்துக்கு நடுவில் உலகம்மாள் மூச்சு விடுவது மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது.

“லேட்டு இல்ல உலகு,” என்றேன். “அது சரியாத்தான் கெளம்புது. நான் எழுதுனதுதான் தப்பு. அங்க மணி வேற. எல்லா வரியும் தப்பு.”

அங்கே மறுபடி அறிவிப்பு ஓடியது, அது முடிந்ததும் கேட்டேன்.

“கேக்குதா?”

“கேக்குது. தெரியும்.”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும். சன்னல் பக்கத்துலதான உக்காந்திருந்தேன். வாட்ச்சு ஆறரைங்குது, வெளிய இருட்டு. ஏழுங்குது, ஒரு செவப்புக் கோடுதான் கெடக்கு. நம்ம ஊர்ல அந்நேரம் கோலத்துல வெயில் விழுந்துரும். பொழுது நம்மளவிட்டுப் பின்னால தங்குதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. எறங்குனதும் சுவத்துல இருந்த கடியாரத்தப் பாத்துத் திருப்பிக்கிட்டேன். சீட்டை நீட்டுனா எல்லாரும் வழி காட்டுதாக, அதுக்கென்ன.”

“அப்புறம் ஏன் லேட்டுன்னு சொன்னே?”

“முப்பத்தொரு வருசமா ஒரு தப்பும் இல்லன்னு சால்வை போத்துனாக. கடல் தாண்டி வந்து நானா அத உருவணும்?”

வெயில் என் பாதத்தின் மேல் ஏறியிருந்தது. பிறகு சொன்னேன், “தப்பு ஒண்ணுன்னு எழுதிக்கிடுதேன்.”

“எழுதுங்க,” என்றாள். “கீழ கொஞ்சம் எடம் விட்டு எழுதுங்க. அந்தப் பிள்ளைக்குப் போன் வேணுமாம், வைக்கேன்.”

வைத்துவிட்டாள். பாத்திமா திரும்பினாள்.

“அக்கா ஏறிட்டாகளா அண்ணாச்சி?”

“ஏறப்போறா.”

“எத்தன மணிக்கு?”

வாயைத் திறந்தேன். எட்டே கால் என்று வந்தது, பத்தே முக்கால் என்று வந்தது, இரண்டும் சரியாகவே இருந்தன. எந்த ஊர் மணியைச் சொல்லட்டும் என்று அவளையே கேட்டேன்.